கிராஃபைட் தகடு: மின்சாரம் கடத்தினால் மட்டும் போதுமா?

2014-இல் டொயோட்டா தன் மிராய் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஹைட்ரஜனையும் காற்றில் உள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் உண்டாக்கும் அதன் ஃபியூயல் செல் அடுக்கில் 370 செல்கள் இருந்தன. ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே நின்றவை மெல்லிய டைட்டானியத் தகடுகள். பின்னால் வந்த ஹூண்டாய் நெக்ஸோவும் உலோகத் தகட்டையே எடுத்துக்கொண்டது. இதைப் பார்த்தால் கிராஃபைட் தகட்டின் காலம் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அதே ஆண்டுகளில் லண்டன் நகரில் ஓடிய ஹைட்ரஜன் பேருந்துகளில் கனடாவின் பல்லார்டு நிறுவனம் செய்த, கார்பன் தகடு வைத்த செல்கள் இருந்தன. 2017-இல் அவற்றில் சில 25,000 மணி நேர ஓட்டத்தைத் தாண்டிவிட்டன. கார்களுக்கு வைக்கப்படும் இலக்கு ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம் மணி நேரம்தான். பேருந்தின் கார்பன் தகடு எப்படி இத்தனை காலம் தாங்கியது?

கிராஃபைட் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் அது நல்ல தகடு என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி பொய்யில்லை. ஆனால் செம்பு இன்னும் பல மடங்கு நன்றாகக் கடத்தும், அதை யாரும் இங்கே அப்படியே வைப்பதில்லை. ஒரு தகடு தேறுகிறதா இல்லையா என்பது அது எவ்வளவு கடத்துகிறது என்பதைவிட, எந்தத் திசையில் கடத்துகிறது, பக்கத்தில் இருப்பதை எப்படித் தொடுகிறது, எதைக் கசியவிடாமல் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. செய்யும் முறையும் சோதிக்கும் முறையும் இந்த மூன்றைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கின்றன.

முதலில் தகட்டுக்கு என்ன வேலை என்று பார்த்துவிடலாம். செல்லின் நடுவில் சில பத்து மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் ஒரு சவ்வு. அதன் இரு பக்கமும் பிளாட்டினம் கலந்த வினையூக்கிப் பூச்சு. அதற்கு வெளியே இரு பக்கமும் கார்பன் இழைகளால் ஆன காகிதம். அதையும் தாண்டி வெளியே தகடுகள். ஒரு பக்கம் ஹைட்ரஜன் வருகிறது, மறுபக்கம் காற்று. இவ்வளவும் சேர்ந்து, சுமை ஏற்றும்போது கொடுப்பது 0.6 முதல் 0.7 வோல்ட். அதனால்தான் நூற்றுக்கணக்கில் அடுக்க வேண்டியிருக்கிறது. அடுக்கும்போது ஒரு தகட்டின் ஒரு முகம் ஒரு செல்லின் ஹைட்ரஜன் பக்கமாகவும், மறுமுகம் அடுத்த செல்லின் காற்றுப் பக்கமாகவும் ஆகிவிடுகிறது. இருமுனைத் தகடு என்று பெயர் வந்தது இப்படித்தான்.

இரு முகத்திலும் வயலில் உள்ளது போலவே வாய்க்காலும் வரப்பும் உண்டு. வாய்க்காலில் வாயு ஓடுகிறது, உண்டாகும் தண்ணீர் வெளியேறுகிறது. மின்சாரம் போவதோ வரப்பின் தலை வழியாக மட்டும். கார்பன் காகிதத்தைத் தொடுவது அதுதான். வாய்க்காலை அகலமாக்கினால் வாயு தாராளமாகப் போகும், மின்சாரத்துக்கு வழி குறுகும். வரப்பை அகலமாக்கினால் அதன் அடியில் தண்ணீர் தேங்கி, வாயு போய்ச் சேராது. கடைசியில் பெரும்பாலும் இரண்டுமே ஒரு மில்லிமீட்டர் அளவில் வந்து நிற்கின்றன. இந்த ஒரு மில்லிமீட்டர் வரப்புகளை உடையாமல், ஒரே உயரத்தில், ஆயிரக்கணக்கான தகடுகளில் செய்வதுதான் உற்பத்தியின் தலைவலி.

மூன்று வழிகள்

பழைய வழி, கட்டியாக உள்ள செயற்கை கிராஃபைட்டை வாங்கி, பலகையாக அறுத்து, கணினி நிரல்படி வெட்டும் சிஎன்சி இயந்திரத்தில் வாய்க்கால் வெட்டுவது. அந்தக் கட்டி எப்படி வருகிறது என்பதில் பாதிக் கதை இருக்கிறது. பெட்ரோலியக் கோக் தூளையும் நிலக்கரித் தார்ப் பிசினையும் கலந்து அழுத்தி, ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் சுட்டு, பிறகு மின் உலையில் 2,500 முதல் 3,000 டிகிரி வரை ஏற்றுகிறார்கள். அமெரிக்கரான எட்வர்ட் குட்ரிச் ஆச்சசன் 1896-இல் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்தது இது. சுடும்போது பிசினிலிருந்து ஆவிப்பொருள்கள் வெளியே போகின்றன. போன இடமெல்லாம் துளை. குறையே இல்லாத கிராஃபைட் படிகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.26 கிராம். சந்தையில் கிடைக்கும் நல்ல கட்டி 1.7 முதல் 1.85 வரைதான் தேறும். கணக்குப் போட்டால், கையில் இருக்கும் பலகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம். ஹைட்ரஜனைத் தடுத்து நிறுத்த வேண்டிய சுவர் இது!

அதனால் துளைகளில் ரெசின், அதாவது சூட்டில் இறுகும் செயற்கைப் பிசின், ஏற்றுகிறார்கள். தகட்டைக் கலத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சி, திரவ ரெசினை உள்ளே விட்டு, அழுத்தம் கொடுத்து, வெளியே எடுத்துத் துடைத்து, சூட்டில் இறுகவைப்பது முறை. எப்போது ஏற்றுவது என்பதில்தான் சிக்கல். வெட்டுவதற்கு முன்பே ஏற்றினால், தடித்த கட்டியின் நடு வரை ரெசின் போகாமல் நிற்கலாம். வாய்க்கால் வெட்டும்போது நிரம்பாத துளைகள் வெளியே வந்துவிடும். வெட்டிய பிறகு ஏற்றினால் துளைகள் நன்றாக அடைபடும், ஆனால் வரப்பின் தலையில் மெல்லிய ரெசின் படலம் படியும். ரெசின் மின்சாரத்தைக் கடத்தாது. சரியாகத் துடைக்காத தகடு கண்ணுக்குப் பளபளப்பாக, அழகாகவே இருக்கும். செல்லில் வைத்தால்தான் வண்டவாளம் தெரியும்.

வெட்டும் வேலையும் லேசானதில்லை. கிராஃபைட் மென்மையானது என்பது பென்சில் பிடித்த எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதன் தூள் உளியைத் தேய்த்துத் தின்றுவிடும். வைரம் பூசிய உளி வைத்துக்கொள்வது அதனால்தான். எண்ணெயோ தண்ணீரோ ஊற்றாமல் உலர்வாகவே வெட்டி, தூளை அப்போதைக்கப்போது உறிஞ்ச வேண்டும். அந்தக் கறுப்புத் தூள் மின்கடத்தி என்பதால், இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நுழைந்தால் சர்க்யூட் போர்டைக் காலி செய்துவிடும். உளி வாய்க்காலின் கடைசியில் வெளியேறும் இடத்தில் வரப்பின் முனை பொருக்குப் பொருக்காக உதிரும். ஆய்வகத்தில் பத்துத் தகடு செய்ய இது மிக நல்ல வழி. வாய்க்கால் வடிவத்தை மாற்ற வேண்டுமா, நிரலை மாற்றினால் போதும். பத்தாயிரம் தகடுக்கு இது கட்டுப்படியாகாது.

இரண்டாவது வழி, கிராஃபைட் தூளை ரெசினோடு கலந்து, சூடான அச்சில் அழுத்தி, வாய்க்காலோடு சேர்த்தே வார்ப்பது. ஃபீனாலிக், வினைல் எஸ்டர் போன்ற ரெசின்களும், பாலிபுரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகளும் பயன்படுகின்றன. எடையில் எழுபது எண்பது சதவீதம், சில சமயம் அதற்கும் மேல், கிராஃபைட்டாக இருக்க வேண்டும். தூளைக் கூட்டினால் நன்றாகக் கடத்தும், ஆனால் கலவை அச்சில் ஓடாது, தகடும் நொறுங்கும். ரெசினைக் கூட்டினால் வலிமை வரும், கடத்துதிறன் சரியும். இந்தத் துறையில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் பெரும் பங்கு இந்த இழுபறியைப் பற்றியதுதான். அச்சில் அழுத்தும்போது ரெசின் மேற்பரப்புக்கு வந்து தோல் போலப் படிவதும் உண்டு. உப்புத்தாள் போட்டோ, நுண்மணல் வீசியோ அதை எடுத்தாக வேண்டும்.

மூன்றாவது வழிதான் பேருந்துகளைப் பற்றிய கேள்விக்கு நெருக்கமானது. இயற்கையில் செதில் செதிலாகக் கிடைக்கும் கிராஃபைட்டை, ஆக்சிஜனேற்றும் பொருள் சேர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தில் ஊறவைத்தால், அடுக்குகளுக்கு நடுவே அமிலம் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். அதைச் சட்டென்று கொடுஞ்சூட்டில் போட்டால், உள்ளே இருப்பது வாயுவாகி அடுக்குகளைப் பிளந்து தள்ள, ஒவ்வொரு செதிலும் நூறு மடங்குக்கு மேல் நீண்டு புழு மாதிரி நெளியும். விரித்த கிராஃபைட் என்பது இதுதான். இந்தப் புழுக்களைச் சேர்த்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால், பசையே இல்லாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தாளாகிவிடும். தொழிற்சாலைக் குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டாகப் போடும் அதே கிராஃபைட் தாள். அதில் வாய்க்காலைப் பதித்து, ரெசின் ஏற்றி இறுக்கினால் தகடு தயார். மெல்லியதாகச் செய்யலாம், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். 2020-இல் பல்லார்டு அறிவித்த கார்களுக்கான 140 கிலோவாட் அடுக்கு, லிட்டருக்கு 4.3 கிலோவாட் என்ற அளவைத் தொட்டது இப்படிப்பட்ட மெல்லிய கார்பன் தகடுகளை வைத்துத்தான். முதல் மிராயின் டைட்டானிய அடுக்கு லிட்டருக்கு 3.1 கிலோவாட். கிராஃபைட் என்றாலே தடிமன், பருமன் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே ஆறு ஆண்டு இடைவெளி இருப்பதையும், டொயோட்டாவும் அதன்பின் சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

எந்தத் திசையில் அளந்தீர்கள்?

தகடு விற்பவர்களின் விவரத் தாளில் முதலில் கண்ணில் படுவது கடத்துதிறன். அதன் அலகு சீமென்ஸ், எண் கூடினால் நன்றாகக் கடத்துகிறது என்று பொருள். அமெரிக்க எரிசக்தித் துறை நெடுங்காலமாக வைத்திருந்த இலக்கு, சென்டிமீட்டருக்கு 100 சீமென்ஸுக்கு மேல். வார்த்த தகடுகள் பலவும் இதைத் தாண்டியதாகச் சொல்லப்படும். எப்படி அளந்தார்கள்? நான்கு ஊசிகளை வரிசையாகத் தகட்டின் மேல் வைத்து, வெளி ஊசிகள் இரண்டில் மின்சாரம் விட்டு, உள் ஊசிகள் இரண்டில் வோல்ட்டைப் பார்த்து. சுலபமான, சுத்தமான அளவீடு. ஆனால் இது அளப்பது தகட்டின் தளத்தோடு போகும் மின்சாரத்தை. செல்லில் மின்சாரம் போவதோ தகட்டைக் குறுக்கே துளைத்துக்கொண்டு.

சாதாரணக் கட்டி கிராஃபைட்டில் இந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை. அச்சில் அழுத்திய தகட்டிலும் விரித்த கிராஃபைட் தாளிலும் நிறைய உண்டு. கிராஃபைட் செதில்கள் அழுத்தத்துக்குக் குறுக்காகப் படுத்துக்கொள்ளும். படுத்த திசையில் மின்சாரம் வழுக்கிக்கொண்டு ஓடும். அடுக்கைத் தாண்டித் தாண்டிப் போகும் திசையில் திணறும். தளத் திசையில் 100 சீமென்ஸைத் தாண்டும் ஒரு தகடு குறுக்கே 20-தான் காட்டினால் என்ன ஆகும்? தகடு 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கான தடை 2 மில்லிஓம். 20 என்றால் 10 மில்லிஓம். அமெரிக்க இலக்கில் தகட்டுக்கும் அதன் தொடுதலுக்கும் சேர்த்து அனுமதிக்கப்படுவதே இந்த 10 மில்லிஓம் அளவுதான். அந்த அளவு மொத்தத்தையும் தகட்டின் உடம்பே விழுங்கிவிட்டது.

பத்து மில்லிஓம் பெரிதா? சதுர சென்டிமீட்டருக்கு 1.5 ஆம்பியர் ஓடும்போது ஒரு செல்லில் 15 மில்லிவோல்ட் போகும். 300 செல்லுக்கு 4.5 வோல்ட். செல்லின் பரப்பு 250 சதுர சென்டிமீட்டர் என்றால் ஓடுவது 375 ஆம்பியர். ஆக ஏறத்தாழ 1.7 கிலோவாட் வெப்பமாக வீணாகிறது. செல்லுக்கு 0.65 வோல்ட் வீதம் 73 கிலோவாட் கொடுக்கும் இந்த அடுக்கில் இது இரண்டு சதவீதத்துக்கு மேல். அந்த வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டரையும் பெரிதாக்க வேண்டும்.

சரி, குறுக்கே எப்படி அளப்பது? தங்கம் பூசிய இரண்டு செம்புக் கட்டைகள். நடுவில் தகடு, தகட்டின் இரு பக்கமும் கார்பன் காகிதம். இந்தச் சாண்ட்விச்சை அழுத்த இயந்திரத்தில் வைத்து, சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே, மின்சாரம் விட்டு, தனி ஒயர்கள் போட்டு வோல்ட்டைப் பார்க்கிறார்கள். தொடக்கத்தில் தடை மளமளவென்று இறங்கும். ஒரு மெகாபாஸ்கலைத் தாண்டும் நேரத்தில் வளைவு சமமாகத் தொடங்கும். அடுக்கை இறுக்கும் அழுத்தமும் ஏறத்தாழ இந்த வட்டாரத்தில்தான், ஒன்றிலிருந்து ஒன்றரை மெகாபாஸ்கல். பிறகு தகடு இல்லாமல் காகிதத்தை மட்டும் வைத்து அதே அழுத்தங்களில் அளந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவதில் தகட்டின் உடம்பும் இருக்கிறது, அது காகிதத்தைத் தொடும் இடத்தின் தடையும் இருக்கிறது. கட்டி கிராஃபைட் என்றால் உடம்பின் பங்கு கால் மில்லிஓம் அளவுதான், கிட்டத்தட்ட எல்லாமே தொடுதலின் தடை. அதாவது அங்கே நாம் கிராஃபைட்டை அளக்கவில்லை, அதன் மேல்தோலை அளக்கிறோம்.

இந்தச் சோதனையில் ஏமாறுவதற்கு இடம் நிறைய. கார்பன் காகிதத்தை ஒருமுறை அழுத்தினால் அதன் இழைகள் உடைந்து, படிந்து, பழைய நிலைக்குத் திரும்பாது. அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போது அளந்தால், அதே அழுத்தத்துக்கு முன்பைவிடக் குறைந்த தடை வரும். அதே காகிதத்தில் இரண்டாவது தகட்டைச் சோதித்தால் அது முதல் தகட்டைவிட நல்லது போலத் தெரியும். ஒவ்வொரு தகட்டுக்கும் புதுக் காகிதம், அதுவும் ஏறுமுகத்தில் மட்டும் என்று விதி வைத்துக்கொண்டால்தான் எண்களை ஒப்பிட முடியும். இன்னொன்று: வாய்க்கால் இல்லாத தட்டைத் துண்டில் அளந்த எண்ணை வாய்க்கால் வெட்டிய தகட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. பரப்பில் பாதி வாய்க்கால் என்றால் தொடும் பரப்பு பாதி. வரப்பின் மேல் அழுத்தமோ இரண்டு மடங்கு. எந்தப் பரப்பை வைத்து வகுத்தார்கள், எந்த அழுத்தத்தில் அளந்தார்கள், எந்தக் காகிதம் என்று சொல்லாத எண்ணை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை.

கசிவு

இங்கே விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஹைட்ரஜன் தகட்டைத் தாண்டிக் காற்றுப் பக்கம் போனால், அங்கே பிளாட்டினத்தின் மேல் காற்றோடு சேர்ந்து எரியும். அந்த இடம் சூடேறி, சவ்வில் ஊசித்துளை விழும், கசிவு இன்னும் கூடும். குளிர்விக்கும் திரவம் உள்ளே கசிந்தாலும் வினையூக்கிக்குக் கேடு.

ஹைட்ரஜனை வைத்தே சோதிப்பது ஆபத்து என்பதால் ஹீலியம் பயன்படுத்துகிறார்கள். சிறிய அணு, எரியாது. தகட்டை ரப்பர் ஓரம் வைத்த இரண்டு சட்டங்களுக்கு நடுவே இறுக்கி, ஒரு பக்கம் ஹீலியம் ஏற்றி, மறுபக்கம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது எளிய முறை. நல்ல தகட்டில் ஒன்றும் நடக்காது. மோசமான தகட்டில் வாய்க்காலின் அடித்தளத்தில், பெரும்பாலும் முன்பக்க வாய்க்காலும் பின்பக்க வாய்க்காலும் முதுகோடு முதுகு சந்திக்கும் இடத்தில், குண்டூசித் தலை அளவில் ஒரு குமிழி மெல்ல உருவாகி, ஒட்டிக்கொண்டே இருந்து, பிறகு விடும். 3 மில்லிமீட்டர் தகட்டில் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் நடுவில் மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டர் சுவர், அதுவும் துளையுள்ள பொருளில்.

உற்பத்திக் கூடத்தில் குமிழி எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அங்கே அழுத்தம் ஏற்றி வால்வை மூடிவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று கருவி பார்க்கும். வேகமான முறை, ஆனால் அறையின் ஏசி இதைக் கெடுக்கும். மூடிய வாயுவின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் அதன் மொத்த அழுத்தம் மூன்றில் ஒரு சதவீதம் மாறும். மொத்த அழுத்தம் 3 பார் என்றால் அது 10 மில்லிபார். தேடுகிற கசிவே சில மில்லிபார் என்றால், ஏசி காற்று நேராகப் படும் மேசையில் நல்ல தகடு தோற்கும், ஓட்டைத் தகடு தேறும்.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வளைத்துப் பார்த்து உடையும் வலிமையை அளப்பது எல்லா இடத்திலும் உண்டு. அமெரிக்க இலக்கு முதலில் 25 மெகாபாஸ்கல், பிறகு 40. தடிமன் சோதனையை அலட்சியமாக நினைப்பவர்கள் உண்டு. ஒரு ஓரம் மறு ஓரத்தைவிட 0.02 மில்லிமீட்டர் கூடுதலாகத் தடித்த தகடுகள் 300-ஐயும் ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கினால், அடுக்கு 6 மில்லிமீட்டர் சாய்ந்துவிடும்; இறுக்கும்போது முதலில் விரிசல் விடுவது அந்த ஓரத்தில்தான். அடுத்து, செல்லின் உள்ளே உள்ள ஈரமான அமிலச் சூழலைப் போல, 80 டிகிரியில் நீர்த்த அமிலத்தில் தகட்டை நாள்கணக்கில் ஊறவைத்து, அந்த நீரில் என்னென்ன அயனிகள் இறங்கியிருக்கின்றன என்று பார்ப்பது.

லண்டன் பேருந்துகளின் ஆயுளுக்கான பதில் பெருமளவு இந்தக் கடைசிச் சோதனையில்தான் இருக்கிறது. எஃகுத் தகட்டின் மேல்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் இரும்பு அயனி வெளியே வரும். செல்லுக்குள் துளித் துளியாக உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு அது சேர்ந்தால் பிறப்பவை சவ்வை அறுக்கும் தீவிரமான துகள்கள். இரும்பு இதில் செலவாவதில்லை, மீண்டும் மீண்டும் அதே வேலையைச் செய்யும். டொயோட்டா விலையைப் பாராமல் டைட்டானியத்துக்குப் போனதற்கும் இந்தப் பயம் ஒரு காரணம். கிராஃபைட்டில் வெளியே வர இரும்பே கிட்டத்தட்ட இல்லை, தூய்மையான மூலப்பொருளை எடுத்தால். ஐயாயிரம் மணி நேரத்துக்குப் பூச்சு தாங்கினால் காருக்குப் போதும். கனரக லாரிகளுக்கு அமெரிக்கா 2030-க்கு வைத்திருக்கும் இலக்கு 25,000 மணி நேரம், அதன் பிறகு 30,000. அந்தக் கணக்கில் பூச்சே தேவைப்படாத பொருளுக்கு மதிப்புக் கூடுகிறது. லாரியிலும் பேருந்திலும் இடத்துக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை, தகடு கொஞ்சம் தடித்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் மூலப்பொருள். 2023 டிசம்பர் 1 முதல் சீனா சில வகை கிராஃபைட்டின் ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும் என்றது. செய்திகள் எல்லாம் பேட்டரியைப் பற்றியே பேசின. ஆனால் பட்டியலில் இருந்தவை, தூய்மை 99.9 சதவீதத்துக்கும் அடர்த்தி 1.73-க்கும் வளைவு வலிமை 30 மெகாபாஸ்கலுக்கும் மேலான செயற்கை கிராஃபைட், இயற்கைச் செதில் கிராஃபைட், விரித்த கிராஃபைட். வெட்டித் தகடு செய்பவர் வாங்குவது முதலாவதை, தாளில் தகடு பதிப்பவருக்கு வேண்டியவை மற்ற இரண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் சுரங்கத்தில் கிடைப்பது செதில் வகைதான், விரித்த கிராஃபைட்டுக்கு வேண்டிய அதே வகை. சென்னை தரமணியில், ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் இயங்கும் மத்திய அரசின் ஃபியூயல் செல் ஆய்வு மையம் விரித்த கிராஃபைட்டில் தகடு செய்யும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் கிராஃபைட் தூய்மையில் உலகிலேயே பெயர் பெற்றது. ஆனால் சிவகங்கைப் பாறையிலிருந்து தரமணித் தகடு வரை நடுவில் நிற்கும் படிகள் கொஞ்சமல்ல: பாறையை அரைத்து, நுரையில் மிதக்கவைத்துக் கிராஃபைட்டைப் பிரிக்க வேண்டும், அதுவும் செதில் நொறுங்காமல், ஏனென்றால் பெரிய செதில்தான் நன்றாக விரியும். பிறகு இரும்பு உள்ளிட்ட மாசுகளைக் கழுவி நீக்க வேண்டும். அமிலத்தில் ஊறவைத்து, விரித்து, தாளாக்கி, கழிவு அமிலத்தையும் சமாளிக்க வேண்டும். இதில் தகட்டுக்கு மட்டுமே உரியது என்று ஒன்றும் இல்லை. கேஸ்கெட் தாள் செய்யும் தொழிற்சாலைக்கும் இதே வரிசைதான், அந்தச் சந்தை இன்றைக்கே இருக்கிறது. ஹைட்ரஜன் பேருந்துகள் நூற்றுக்கணக்கில் வரும்வரை காத்திருக்காமல் தொடங்கக்கூடிய இடம் அதுவாகத்தான் எனக்குப் படுகிறது.